வம்சாவளிப் படம்: 214 பேர், ஒரே சுவர், ஒன்றரை மாதம். அச்சடித்தவர்கள் வழி சொல்லுங்கள்

#1 ஆச்சிபேத்தி (அம்பாசமுத்திரம், இப்போது சென்னை)

எல்லோருக்கும் வணக்கம். தை கடைசியில் தாத்தாவுக்குச் சதாபிஷேகம். சொந்தபந்தம் மொத்தமாகக் கூடி வெகுநாள் ஆகிறது. திண்ணையை ஒட்டிய சுவரில் வம்சாவளிப் படம் ஒன்று மாட்டுவோம் என்று நான்தான் வாயை விட்டேன். இப்போது படத்துக்கு முன்னால் நான் மாட்டிக்கொண்டேன்.

தாத்தாவின் தாத்தாவில் தொடங்கி என் மகள் வரைக்கும் 6 தலைமுறை. அவருக்கு 5 பிள்ளைகள். அடுத்தடுத்து 19, 44, 51, 11. கட்டியவர்களையும் வாழ வந்தவர்களையும் சேர்த்தால் 214 வருகிறது. எல்லாம் ஒரு கோடு போட்ட நோட்டில் இருக்கிறது. வேர்டில் கட்டம் கட்டமாகப் போட்டுப் பார்த்தேன். நாலாவது தலைமுறைக்கு வந்ததும் எழுத்து எறும்பு மாதிரி ஆகிவிட்டது.

என் ஆசை: பெரிய ஆலமரம், இலைக்கு ஒரு பெயர், முடிந்தால் எல்லாருக்கும் போட்டோ. அத்தான் ஃப்ளெக்ஸில் 6க்கு 4 அடித்துவிடலாம் என்கிறார். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

#2 சும்மா_வந்தவன்

ஆலமரத்தில் 214 இலையா? உச்சியில் இருப்பவர் தன் பெயரைப் படிக்க ஏணி போடணுமே.

#3 டிடிபி_மாரி (மதுரை)

இந்தத் தொழிலில் 18 வருஷமாக இருக்கிறேன். வம்சாவளிப் படம் என்று இதுவரை ஒரு பத்துப் பன்னிரண்டு வந்திருக்கும். முக்கால்வாசிப் பேர் செய்யும் தப்பு, படம் எப்படி இருக்க வேண்டும் என்று முதலில் யோசிப்பது. முதலில் எழுத்தின் அளவை முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வரட்டும்.

வீட்டில் இருக்கிற பிரிண்டரில் ஒரு ஏ4 தாளில் உங்கள் குடும்பத்திலேயே நீளமான பெயரை 24 பாயிண்டில் அடித்துச் சுவரில் ஒட்டுங்கள். தாத்தாவை ஒரு மீட்டர் தள்ளி நிற்கவைத்துப் படிக்கச் சொல்லுங்கள். படித்தார் என்றால் 24 போதும். கண்ணைச் சுருக்கினால் 28. உங்கள் படத்தின் மிகச் சின்ன எழுத்து இதுதான். இதற்குக் கீழே இறங்காதீர்கள்.

இப்போது கணக்கு. மேலிருந்து கீழாக மரம் போட்டால் உங்கள் ஐந்தாம் தலைமுறையில் 51 பெட்டி. பெட்டிக்கு 6 செ.மீ. கொடுத்தாலும் 306 செ.மீ., பத்து அடி. திண்ணைச் சுவர் பத்தடி இருக்கலாம், ஆனால் நடுவில் ஜன்னல் இருக்கும். தமிழ்ப் பெயர் அகலம் அதிகம். அதனால் மரத்தைப் படுக்கப் போடுங்கள். இடது ஓரம் முதல் ஜோடி, வலது ஓரம் உங்கள் மகள் வயசுப் பிள்ளைகள். அப்படிப் போட்டால் பெயர்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக வரும். பிள்ளை இல்லாத கடைசி ஆட்கள் எத்தனை பேரோ அத்தனை வரி. உங்களுக்கு 70 வரிக்குள் முடிந்துவிடும். வரிக்கு 1.5 செ.மீ. என்றால் 105 செ.மீ. ஏ0 தாளின் உயரம் 118.9. தலைப்புக்கும் இடம் மிஞ்சுகிறது. அகலம் 84.1, ஆறு தலைமுறைக்கு ஆறு பத்தி, பத்திக்கு 14 செ.மீ. ‘சங்கரலிங்கம்’ தாராளமாக உட்காருவார்.

ஃப்ளெக்ஸ் பற்றி: அது ரோட்டில் போகிறவன் தூரத்திலிருந்து பார்ப்பதற்கு. ‘வருக வருக’ எழுத நல்லது. ஒரு செ.மீ.க்குக் கீழே எழுத்து போனால் மை கசிந்த மாதிரி தெரியும். வீட்டு பிளான் அடிக்கிற ப்ளாட்டர் கடைக்குப் போங்கள். அங்கே 36 அங்குல ரோல் இருக்கும், ஏ0 அதில் நேராக வந்துவிடும். கெட்டித் தாளில் அடித்து மேட் லேமினேஷன் போடுங்கள். பளபள லேமினேஷன் வேண்டாம், டியூப்லைட் அடித்து நடுவில் பாதி வம்சம் மறைந்துபோகும். ரொம்ப நாள் வைக்க வேண்டுமென்றால் எக்கோ சால்வென்ட் (சீக்கிரம் வெளுக்காத மை) பிரிண்டை வினைலில் (பிளாஸ்டிக் ஒட்டுத்தாள்) எடுத்துச் சன்போர்டில் (இலேசான கெட்டி அட்டை) ஒட்டச் சொல்லலாம்.

#4 கணக்குப்பிள்ளை

அம்மா, வரைவதற்கு முன்னால் ஆட்களை ஒரு மென்பொருளில் ஏற்றிவிடுங்கள். கிராம்ப்ஸ் இலவசம், 2001இல் தொடங்கி இன்றைக்கும் வளர்ந்துகொண்டிருக்கிறது, தமிழ் எழுத்தும் அதில் ஒழுங்காக வருகிறது. ‘சந்ததிப் படம்’ என்று கேட்டால் மாரி சொன்னது போலவே இடமிருந்து வலமாகப் போட்டு, நீங்கள் சொல்லும் தாள் அளவுக்கே பிடிஎஃப் தரும். சேமித்து வைக்கும்போது ஜெட்காம் (வம்சாவளி மென்பொருள்களுக்குப் பொதுவான கோப்பு வகை) கோப்பாகவும் ஒன்று எடுத்து வையுங்கள். அதில் யூடிஎஃப்-8 (தமிழ் எழுத்தையும் சேமிக்கும் குறியீட்டு முறை) தேர்வு முக்கியம். ஜெட்காமின் பழைய 5.5 பதிப்பில் அது கிடையாது, 5.5.1இல்தான் வந்தது. தப்பாகத் தேர்ந்தெடுத்தால் பாட்டன் பூட்டன் எல்லாரும் கேள்விக்குறியாகத் திரும்பி வருவார்கள்.

இன்னொரு சங்கதி. மரம் என்று சொல்கிறோமே தவிர, நம் குடும்பம் மரம் அல்ல. மரத்தில் பிரிந்த கிளை மறுபடி வந்து ஒட்டாது. நம் வீட்டில் ஒட்டும். அத்தை மகள், மாமன் மகன், அக்கா மகள் என்று சொந்தத்துக்குள் கட்டியது உங்கள் நோட்டில் எத்தனை ஜோடி? மூன்று என்றால், அந்த ஆறு பேரும் இரண்டு தடவை எண்ணப்பட்டிருப்பார்கள், பிள்ளையாக ஒரு தடவை, கட்டியவராக ஒரு தடவை. பெட்டி 214 இருக்கலாம். ஆள் 208தான் இருப்பார்கள்.

இதைச் சமாளிக்க ஆளுக்கு ஒரு எண் கொடுங்கள். முதல் ஜோடி 1. அவர்கள் பிள்ளைகள் மூத்தவரிலிருந்து 1.1, 1.2, 1.3. இரண்டாமவரின் பிள்ளைகள் 1.2.1, 1.2.2. டாபோவில் முறை என்பார்கள். எண்ணில் எத்தனை இலக்கமோ அத்தனையாவது தலைமுறை. சொந்தத்தில் கட்டிய ஜோடியின் பிள்ளைகளை ஓரிடத்தில் மட்டும் வரையுங்கள். மற்ற இடத்தில் ‘பிள்ளைகள்: 1.2.4 பார்க்க’ என்று போட்டால் போதும். கோடு இழுத்து இணைக்கப் பார்த்தால் படம் நூல்கண்டு ஆகிவிடும். தாய்மாமனைக் கட்டியிருந்தால் இன்னும் சிக்கல், மாமா மூன்றாம் பத்தியில், பெண் நாலாம் பத்தியில்.

முன்னோர் பக்கமாக மேலே ஏறும் எண் முறை ஒன்றும் உண்டு. குழந்தை 1, அப்பா 2, அம்மா 3. யாருடைய எண்ணையும் இரண்டால் பெருக்கினால் அவர் அப்பா, கூட ஒன்று சேர்த்தால் அம்மா. தாய்மாமனைக் கட்டியவர்களின் குழந்தைக்கு இதைப் போட்டுப் பாருங்கள். அப்பாவின் பெற்றோர் 4, 5. அம்மாவின் அம்மா 7, அவருடைய பெற்றோர் 14, 15. ஆனால் 4உம் 14உம் ஒரே ஆள், 5உம் 15உம் ஒரே ஆள்! ஒரே கிழவருக்குத் தாத்தா நாற்காலி ஒன்று, பூட்டன் நாற்காலி ஒன்று.

#5 ஆச்சிபேத்தி

ஐயா, ராத்திரி உட்கார்ந்து எண்ணினேன். சரியாக மூன்று ஜோடி. 208தான்! அதில் ஒரு ஜோடி நீங்கள் சொன்ன அதே கதை. தாத்தாவின் தம்பி (1.2.4) தன் மூத்த அக்காவின் (1.2.1) மகளைக் கட்டியவர்.

மாரி அண்ணே, தாத்தா 24 பாயிண்டைப் படித்துவிட்டார். “யாருட்டி இது, சின்னப் பிள்ளைக்குக் கூட அம்மாம் பெரிய எழுத்து” என்றார்.

#6 பங்காளி

தப்பாக நினைக்க வேண்டாம். வம்சாவளி என்றால் பங்காளி வரிசை. பெண் பிள்ளைகளைப் பெயரோடு நிறுத்திவிட வேண்டியதுதான், அவர்கள் பிள்ளைகள் வேறு வம்சம். எங்கள் குலதெய்வக் கோயிலில் வரி கட்டும் பட்டியல் அப்படித்தான் இருக்கிறது. உங்கள் 208 பாதியாகக் குறையும், எழுத்தும் பெரிதாகப் போடலாம்.

#7 வரைகலை_வள்ளி

பங்காளி ஐயா, கோயில் வரிக்கு அது சரி. இது தாத்தாவின் விசேஷம், வரப்போகிறவர்களில் மகள் வழிப் பேத்திகள் இருக்கிறார்கள். தன் பெயர் இல்லாத படத்தின் முன்னால் யார் நிற்பார்? அதோடு நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. மகள் வழியை வெட்டிவிட்டால் 1.2.4 கட்டிய பெண் எங்கிருந்து வந்தாள் என்று எப்படிக் காட்டுவது? வெளியாள் என்றா? சொத்திலேயே மகளுக்குச் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989இலேயே சட்டம் திருத்தியாகிவிட்டது. ஒரு ஏ0 தாளில் இடம் கொடுக்கலாம்.

ஆச்சிபேத்தி, வடிவமைப்பு பற்றி. ஆலமரத்தை விட்டுவிடாதீர்கள், ஆனால் பின்னணியில் போடாதீர்கள். பச்சை இலைமேல் கறுப்பு எழுத்து, பழுப்புக் கிளைமேல் கறுப்பு எழுத்து, இரண்டும் கண்ணுக்கு ஆகாது. மேலே தலைப்புப் பட்டையில் கோட்டுச் சித்திரமாக ஒன்று வரைந்தால் போதும். கீழே முழுக்க வெள்ளை.

ஐந்து பிள்ளைகளுக்கு ஐந்து நிறம். பெட்டிக்குள் முழுக்க அடிக்காமல், பெயருக்கு இடது பக்கம் அரை செ.மீ. பட்டையாகப் போடுங்கள். வாழ வந்தவர்களுக்கும் மருமகன்களுக்கும் சாம்பல் நிற எழுத்து, பக்கத்தில் அவர்கள் பிறந்த ஊர். ஊர் பெயரைக் கட்டாயம் போடுங்கள், அங்கேதான் பேச்சு தொடங்கும்.

எழுத்துரு: நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, இந்த மூன்றில் ஒன்று. கல்யாணப் பத்திரிகை வளைவு எழுத்து தலைப்புக்கு மட்டும். தமிழில் ‘சீ’யும் ‘கி’யும் மேலே ஏறும், ‘மூ’வும் ‘டு’வும் கீழே தொங்கும். வரி இடைவெளியை இறுக்கினால் மேல் வரி ஆளின் கால் கீழ் வரி ஆளின் தலையில் இடிக்கும்.

டாக்டர்கள் வரையும் வம்சப் படத்தில் ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சொந்தத்தில் கட்டியிருந்தால் இரட்டைக் கோடு. அந்த இரட்டைக் கோட்டை மட்டும் நான் கடன் வாங்கிக்கொள்வேன். அழகாக இருக்கும், ஓரத்தில் ஒரு வரி விளக்கம் போதும்.

போட்டோ முதல் மூன்று தலைமுறைக்கு மட்டும். எல்லாருக்கும் என்று ஆரம்பித்தால், போட்டோ கொடுக்காத நாலு பேருக்காக விசேஷத்தன்றைக்கும் காத்திருப்பீர்கள். சுவரில் மாட்டிய பழைய படத்தைக் கண்ணாடியிலிருந்து வெளியே எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல் எடுங்கள்.

#8 கணக்குப்பிள்ளை

வள்ளி சொன்னதும் ஞாபகம் வந்தது. இந்த மாதிரி வம்சப் பட்டியல் எடுப்பதை ஒரு ஆய்வு முறையாகவே ஆக்கியவர் ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய மானிடவியல் அறிஞர். 1901-02இல் நீலகிரிக்கு வந்து தோடர்களிடம் உட்கார்ந்து வீடு வீடாக எடுத்தார், புத்தகம் 1906இல் வந்தது. அவர் ஆண் பெயரைப் பெரிய எழுத்திலும் பெண் பெயரைச் சாதாரண எழுத்திலும் போடுவார். தமிழில் பெரிய எழுத்து சின்ன எழுத்து கிடையாது. நமக்கு அந்த வம்பே இல்லை.

#9 மொய்நோட்டு (சிவகங்கை)

பெயரோடு வருஷமும் போடப் போகிறீர்களா? போடுங்கள், இல்லாவிட்டால் நாலு சங்கரலிங்கத்தில் எந்தச் சங்கரலிங்கம் என்று தெரியாது. பாட்டன் பெயரைச் சுமப்பதால்தான் பேரன். ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் வந்துகொண்டே இருக்கும். வருஷம் தெரியாத இடத்தில் பட்டப்பெயர் போடுங்கள். மேலத்தெரு, மிலிட்டரி, ரங்கூன், ஏதோ ஒன்று ஊரில் வைத்திருப்பார்கள்.

வருஷம் எங்கே கிடைக்கும்? பழைய ஜாதக நோட்டில். ஆனால் அதில் ‘துந்துபி வருஷம் மாசி மாசம்’ என்றுதான் இருக்கும். 60 வருஷத்துக்கு ஒரு தடவை சுற்றி வரும் பெயர். துந்துபி என்றால் 1922 அல்லது 1982. உங்கள் இரண்டாம் தலைமுறை என்றால் 1922. அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. தமிழ் வருஷம் சித்திரையில் தொடங்குவதால், மார்கழி பாதிக்கு மேல் பங்குனி வரை பிறந்தவருக்கு இங்கிலீஷ் வருஷம் ஒன்று கூடும். துந்துபி மாசி என்றால் 1923. முதல் தாத்தா ‘தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு பிறந்தவர்’ என்று யாராவது சொன்னால் அது 1876 பஞ்சம்.

பெயர் விட்டுப்போயிருந்தால் பாகப்பிரிவினைப் பத்திரம் பாருங்கள், ‘இன்னார் குமாரர் இன்னார்’ என்று வரிசையாக இருக்கும். மகள்களுக்கு மொய் நோட்டு. எந்த ஊருக்குக் கட்டிக்கொடுத்தார்கள், மாப்பிள்ளை பெயர் என்ன, எல்லாம் ஊர் வாரியாக அதில் இருக்கும். எங்கள் வீட்டில் ஒரு அத்தையே மொய் நோட்டிலிருந்துதான் கிடைத்தார். 1958, இரண்டு ரூபாய், திருப்புவனம்.

#10 சுன்னாகத்தான் (டொரொண்டோ)

வணக்கம் சகோதரி. எங்கட குடும்பம் சுன்னாகம், கனடா, லண்டன், நோர்வே என்று நாலு திக்கிலும் இருக்கிறது. போன கோடையில் ஒன்றுகூடலுக்கு இதே வேலையைச் செய்தோம். நான் செய்த பிழையைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாதீர்கள். முழுவதும் தமிழில் போட்டுவிட்டேன். அம்மம்மாவுக்குப் பெரிய சந்தோசம். பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார்கள், அவர்களுக்கு வாசிக்கத் தெரியாது. ஐந்தாம், ஆறாம் தலைமுறைக்காவது பெயரின் கீழ் ஆங்கிலத்திலும் சின்னதாகப் போடுங்கள். வரி உயரம் கூடும்தான், அந்த இரண்டு பத்திக்கு மட்டும் என்றால் சமாளிக்கலாம்.

மற்றது, தாளைச் சுருட்டித் தபாலில் அனுப்பாதீர்கள். ஒரே பிடிஎஃப்பை அனுப்பி அந்தந்த ஊரில் அச்சடிக்கச் சொல்லுங்கள். வட்ஸப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். ‘டொக்கியூமென்ட்’ ஆக அனுப்ப வேண்டும்.

#11 ஆச்சிபேத்தி

எல்லோருக்கும் நன்றி. ஒரு தர்மசங்கடம். சித்தப்பா ஒருவர் விவாகரத்து ஆனவர், மறுபடி கட்டிக்கொண்டார். முதல் சித்திக்கு ஒரு பையன். பெரியவர்கள் “அந்தப் பேரைப் போடாதே, விசேஷ வீட்டில் எதுக்கு” என்கிறார்கள்.

#12 வரைகலை_வள்ளி

பெரியவர்களிடம் கேட்காதீர்கள், அந்தப் பையனிடம் கேளுங்கள். அவன் வந்து பார்க்கும்போது அவன் அம்மா இருக்கும் இடத்தில் வெள்ளையாக இருந்தால் அதைப் பார்க்கப் போகிறவன் அவன்தான்.

#13 பங்காளி

இதில் வள்ளி பக்கம் நான். பெயர் இருக்கட்டும். ஆனால் ஒன்று: உயிரோடு இருப்பவர்களுக்குப் பிறந்த வருஷத்தோடு நிறுத்துங்கள். தேதி, போன் நம்பர், வேலை எதுவும் சுவரில் வேண்டாம். அன்றைக்கு எல்லாரும் முன்னால் நின்று போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போடுவார்கள், பேங்க்காரன் கேட்கும் பிறந்த தேதியும் அம்மா பெயரும் ஊருக்கே போய்ச் சேரும். முழு விவரத்தையும் தனியாகச் சின்னப் புத்தகமாக அடித்து வீட்டுக்கு ஒன்று கொடுங்கள். படத்தில் இருக்கும் எண்ணே புத்தகத்திலும் இருந்தால் தேடுவது சுலபம்.

(என் யோசனைப்படி செய்திருந்தால் எழுத்து இன்னும் பெரிதாக இருந்திருக்கும் என்பதை மட்டும் பதிவு செய்துகொள்கிறேன்.)

#14 டிடிபி_மாரி

புத்தகம் நல்ல யோசனை. ஏ5 அளவில் நடுவில் பின் அடித்துத் தரலாம், பக்க எண்ணிக்கை நாலால் வகுபட வேண்டும்.

இறுதி அச்சுக்கு முன்னால் வெள்ளோட்டம் ஒன்று கட்டாயம். ஏ0 என்பது 16 ஏ4. அக்ரோபேட் ரீடரில் அச்சடிக்கும்போது ‘போஸ்டர்’ என்று ஒரு தேர்வு இருக்கிறது, அதுவே துண்டு போட்டுத் தரும். ஓரம் விடுவதால் தாள் கொஞ்சம் கூடும். செல்லோடேப் போட்டு ஒட்டி வீட்டில் மாட்டுங்கள். வருகிற போகிறவர்கள் தப்புக் கண்டுபிடிப்பார்கள். பெரியவர்கள் திரையில் பார்த்து “சரியா இருக்கு” என்பார்கள், காகிதத்தில் பார்த்தால்தான் “ஏ, இது யாரு” என்பார்கள்.

கடைக்குக் கொடுக்கும் கோப்பு பற்றித் தனியாகச் சொல்கிறேன், இதில்தான் பல பேர் அழுகிறார்கள். நிறைய கடைகளில் இன்னும் பழைய கோரல்ட்ராதான் ஓடுகிறது, தமிழுக்குப் பாமினி மாதிரிப் பழைய எழுத்துரு. உங்கள் யூனிகோட் பிடிஎஃப்பை அதில் திறந்தால் எழுத்து உடையும். அதனால் எழுத்தையெல்லாம் கோடாக மாற்றிவிட்டுக் கொடுங்கள். இங்க்ஸ்கேப்பில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல், ஷிஃப்ட், சி. கோரலில் கன்ட்ரோல், கியூ. மாற்றிய பிறகு திருத்த முடியாது, அசல் கோப்பைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் படமாகவே கொடுங்கள். 36க்கு 48 அங்குலம், அங்குலத்துக்கு 150 புள்ளி என்றால் 5400க்கு 7200. அதற்குக் குறைந்தால் வாங்க மாட்டேன் என்று நானே சொல்லிவிடுவேன்.

#15 ஆச்சிபேத்தி (மூன்று வாரம் கழித்து)

மாரி அண்ணே, நீங்கள் சொன்னதைப் படித்தும் கேட்காதவள் நான். அவசரத்தில் பிடிஎஃப்பை அப்படியே ஊர்க் கடையில் கொடுத்தேன். கடைப் பையன் அவனுடைய மென்பொருளில் திறந்து “கொஞ்சம் அலைன் பண்ணிட்டேன்க்கா” என்று நல்லெண்ணத்தில் அடித்துவிட்டான். ஆச்சி பெயர் பொன்னம்மாள். கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது, நடுவில் புள்ளி புள்ளியாக ஒரு வட்டம். ‘கோமதி’ என்று பெயர் உள்ள மூன்று பேருக்கும் இதே கதி. ஒகரம், ஓகாரம், ஐகாரம் இருக்கிற அத்தனை பேரும் காலி. ஆச்சி கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, “என் பேருக்குள்ள எதுக்குட்டி வடை” என்றாள்.

விசேஷத்துக்கு இன்னும் ஐந்து நாள்.

#16 சும்மா_வந்தவன்

வடை. 😂

#17 டிடிபி_மாரி

நேற்றைய அச்சை விடுங்கள். இன்று ராத்திரி அசல் கோப்பை எனக்கு அனுப்புங்கள், கோடாக மாற்றித் தருகிறேன். காலையில் பிளான் பிரிண்ட் கடையில் கொடுத்து, “திறக்க வேண்டாம், பிடிஎஃப்பை அப்படியே ப்ளாட்டருக்கு அனுப்புங்கள்” என்று மட்டும் சொல்லுங்கள். முதலில் ஆச்சி பெயர் வரும் பகுதியை மட்டும் ஏ4இல் அடித்துப் பாருங்கள். அது சரியென்றால் எல்லாம் சரி. கெட்டுப்போன அச்சைத் தூக்கிப் போடாதீர்கள், பந்தியில் மேசைக்கு விரிக்க ஆகும்.

#18 ஆச்சிபேத்தி (விசேஷம் முடிந்து)

படம் மாட்டியாயிற்று. வடை போய்விட்டது. தலைப்பில் வள்ளி சொன்ன மாதிரி கோட்டு ஆலமரம். வருகிறவர்களுக்குக் கொடுத்த அட்டையில் பெயருக்குக் கீழே எண்ணையும் கிளை நிறத்தையும் போட்டிருந்தோம். சின்னப் பிள்ளைகளுக்கு அதுவே விளையாட்டாகிவிட்டது. “நீ 1.4.2.3ஆ? நான் 1.4.2.1.1, அப்ப நீ எனக்குச் சித்தப்பா” என்று ஒரு வாண்டு இருபது வயசுப் பையனை இழுத்துக்கொண்டு திரிந்தது. அந்தப் பையனுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

படத்துக்குப் பக்கத்தில் நூலில் கட்டிய பென்சிலும் மஞ்சள் சீட்டும் வைத்திருந்தேன். 17 சீட்டு சேர்ந்தது. மூன்று எழுத்துப்பிழை, இரண்டு பேருக்கு வருஷம் தப்பு, ஒரு மருமகன் ‘என் ஊர் கடையம் அல்ல, கடையநல்லூர்’ என்று கோபமாக அடிக்கோடிட்டிருந்தார். சித்தப்பாவின் முதல் மகன் ஒன்றும் எழுதவில்லை. அவன் அம்மா பெயர் இருந்த இடத்தை மட்டும் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டான்.

ஒன்றுக்கு மட்டும் உங்கள் யோசனை வேண்டும். 1.2.1, அதாவது தாத்தாவின் மூத்த அக்கா, பெரிய ஆச்சி. 88 வயசு. நாற்காலியைப் படத்துக்கு முன்னால் போடச் சொல்லி உட்கார்ந்துவிட்டாள். தன் பெயரில் விரலை வைத்தாள், கீழே இறக்கினாள். தங்கச்சி 1.2.2, பிறகு தாத்தா 1.2.3. விரல் அங்கே நின்று திரும்ப மேலே போனது. “நடுவுல ஒருத்தன் இருந்தானே” என்றாள். மூன்று மாசத்தில் போன பிள்ளையாம். தாத்தாவுக்கே தெரியாது. பெயர் வைக்கவில்லை, குட்டித்தம்பி என்று கூப்பிட்டோம் என்கிறாள்.

அடுத்த அச்சில் சேர்க்க வேண்டும். ஆனால் நடுவில் ஒருவரைச் செருகினால் தாத்தா 1.2.4 ஆகிவிடுவார், அவருக்குக் கீழே உள்ள எல்லாருக்கும் எண் மாறும். புத்தகம் 60 வீட்டுக்குப் போயாயிற்று.

#19 கணக்குப்பிள்ளை

எண்ணைத் தொடாதீர்கள். ஒரு தடவை வெளியே போன எண் போனதுதான். அந்தப் பிள்ளைக்கு 1.2.2அ கொடுங்கள். பிறந்த வரிசையிலும் சரியான இடத்தில் நிற்பான், யார் எண்ணும் அசையாது. கிராம்ப்ஸில் பிறந்த வரிசையில் நகர்த்தி வைத்தால் படத்தில் தானாக அங்கே வந்துவிடும்.

#20 பங்காளி

‘பெயரில்லை’ என்று போடாதீர்கள். குட்டித்தம்பி என்றே போடுங்கள்.

#21 டிடிபி_மாரி

வரி ஒன்று கூடுகிறது, 1.5 செ.மீ. கீழே இடம் இருக்கிறது. திருத்திய கோப்பை அனுப்புங்கள்.